பட்டன் பழுது என்று நினைத்த எட்டு நாட்கள்

எனக்கு வந்த நோய்க்குச் சுருக்கப் பெயர் ஜி.பி.எஸ். விரித்துச் சொன்னால் கில்லன் பாரே சிண்ட்ரோம். கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் ரோட்டில் பதினாறு வருடமாக மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்றால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும். பக்கத்து டீக்கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, "இன்னா பழனி, செட்டிங்ஸ்ல போயி ஆஃப் பண்ண முடியாதா?" என்று கேட்டார். பார்வையாளர் நேரத்தில் என் மனைவி சுமதி போனை என் காதில் வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயில் குழாய் இருந்தது, முகத்தில் கண் இமையைத் தவிர எதுவும் அசையவில்லை, அதனால் நான் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நடக்கிறேன், பேசுகிறேன், என் கையால் சாப்பிடுகிறேன். "குணமாகி வந்தவங்க எழுதி வெச்சா அடுத்து வர்றவங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்று பாண்டிச்சேரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ மேடம் சொன்னார். அதனால் எழுதுகிறேன். நோயைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. நோய் தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எட்டு நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எல்லாம் எழுதியும் பிரயோஜனமில்லை.

போகி அன்று விடியற்காலையில் சுமதி பழைய சாமான்களை ஒரு சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். உடைந்த சீப்பு, கிழிந்த பாய், எங்கள் மகள் யாழினியின் பழைய நோட்டுகள். அதற்கு நடுவில் என் கேம் கிடந்தது. நான் எட்டாவது படிக்கும்போது பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கையில் பிடித்து விளையாடுகிற மாதிரி சின்னது. இடது பக்கம் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பட்டன், வலது பக்கம் இரண்டு வட்ட பட்டன்கள், நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. கூடவே மூன்று கேசட். கேசட்டில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை, ஒன்றும் புரியாது. அதனால் நானே பெயர் வைத்திருந்தேன்: கார் கேம், கத்திக்காரன், சுரங்கம்.

அந்த மூன்றிலும் சுரங்கம்தான் எனக்கு உயிர். நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு குட்டி ஆள் மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே கீழே இறங்குவான். மொத்தம் நாற்பது தளம் என்று அட்டைப் படத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு தளத்திலும் கல் விழும், தண்ணீர் புகும், விளக்கு அணையும். பள்ளிக்கூட நாட்களில் முப்பத்தேழாவது தளம் வரை போனேன். பத்தாவது காலாண்டில் கணக்கில் பெயிலாகி, அப்பா கேமைப் பிடுங்கிப் பரணில் போட்டார். கடைசி மூன்று தளத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

சாக்கிலிருந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பேட்டரி கக்கிய உப்பைச் சுரண்டினேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், திரைக்குப் போகும் ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தேன். கேசட்டுக்குள் ஒரு பட்டன் செல் இருக்கும். விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது அதுதான். அது எப்போதோ செத்துப்போயிருந்தது. புதிது போட்டேன். முப்பத்தேழு தளமும் போய்விட்டது, முதலிலிருந்து இறங்க வேண்டும். பொங்கலுக்குக் கடை லீவு என்பதால் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கார் கேமில் எல்லா வளைவும் விரலுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. கத்திக்காரன் நான் நினைத்து வைத்திருந்த அளவுக்கு நன்றாக இல்லை, அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. சுரங்கம் மட்டும் சலிக்கவில்லை. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் போனது, நான் இருபதாவது தளத்தில் இருந்தேன். "தோ பாரு, உங்கப்பாவுக்கு வயசு பதிமூணு" என்று சுமதி யாழினியிடம் சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை கால் விரல்கள் மரத்திருந்தன. கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தே இருந்தால் மரக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கை விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருந்தது. அன்றிலிருந்து சுரங்கத்து ஆள் நான் சொன்னபடி கேட்கவில்லை. தாண்டு என்றால் நின்றான். ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அமுக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுந்தது. பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர் இருக்கும், பழைய சாமானில் அது தேய்ந்துபோகும். திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கேமைத் திறந்து ரப்பரைத் துடைத்தேன். சரியாகவில்லை. டிவி ரிமோட் ஒன்றிலிருந்து ரப்பரை வெட்டி எடுத்து வைத்தேன். அப்போதும் சரியாகவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். அமுக்கும்போதெல்லாம் கரண்ட் போகிறது என்று மீட்டர் ஒழுங்காகச் சத்தம் கொடுத்தது.

மீட்டர் சரி என்று சொன்னால் பழுது வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொள்கிற பாடம் அது. நான் இன்னொரு ரிமோட்டை உடைத்து இரண்டாவது முறை ரப்பரை மாற்றினேன். அன்று கடைக்கு வந்த போன்களில் ஸ்க்ரூ கழற்றும்போது மூன்று தடவை கீழே போட்டேன். வெளிச்சம் பத்தவில்லை என்று டியூப்லைட்டைத் திட்டினேன்.

உள்ளுக்குள் தெரியாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏறும்போது கால் பஞ்சு மேல் வைப்பது போல இருந்தது. "இன்னாங்க, ஒரு மாதிரி நடக்கிறீங்க?" என்று சுமதி கேட்டாள். "செருப்பு கடிக்குது" என்றேன். உண்மையைச் சொன்னால் கேமைப் பிடுங்கி வைத்துவிடுவாள் என்று தெரியும். முப்பத்தாறாவது தளத்தில் இருந்தேன். முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது காது சூடாகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

புதன்கிழமைதோறும் நான் கல்வராயன் மலைக்குப் போவேன். கரியாலூர் பக்கத்து ஊர்க்காரர்கள் பழுதான போன்களை என்னிடம் கொடுத்தனுப்புவார்கள், சரிசெய்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் புதன் சடையன் என்ற விவசாயியின் போனை எடுத்துக்கொண்டு அவர் சாமைக் கொல்லைக்கு ஏறினேன். கொல்லை ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அண்ணா, ஒத்தச் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இறங்கிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார், நல்ல தூரம் போய்த்தான் எடுத்து வந்தார். என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பெரிய முள் ஒன்று ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"இது ஏறுனது தெரியலீங்களா?"

"இல்ல."

அவர் முள்ளைப் பிடுங்கினார். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"இது நல்லதுக்கில்லீங்க. பஸ் ஏறி நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வூட்டுக்குப் போவாதீங்க."

"சரி" என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மலை வளைவில் பஸ் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து கேமை எடுத்தேன். கள்ளக்குறிச்சி வரும்போது முப்பத்தெட்டாவது தளத்தைத் தொட்டிருந்தேன். அது எந்த வயதிலும் நான் பார்த்திராத தளம். வீட்டுக்குத்தான் போனேன்.

வியாழக்கிழமை பட்டனை அமுக்கவே முடியவில்லை. அப்போதுதான் சுமதியிடம் வாயைத் திறந்தேன், அதுவும் பாதிதான். "விரல் மரத்துப்போன மாதிரி கீது" என்றேன். காலைப் பற்றி, செருப்பைப் பற்றி, முள்ளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சிரித்தாள். "ஒரு வாரமா அமுக்கிக்கினே இருந்தா மரக்காம இன்னா பண்ணும்? குடுங்க அத்த. ரெண்டு நாள் தொடாம இருந்தா தானா சரியாப்பூடும்." கேமை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். நான் சொன்னதை மட்டும் கேட்டால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை படுத்தே இருந்தேன். சனிக்கிழமை காலை கக்கூஸில் உட்கார்ந்தவன் எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன். சுமதியும் மேல் வீட்டுக்காரரும் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். ரப்பர் சுத்தியலால் என் இரண்டு முட்டியிலும் தட்டினார். சாதாரணமாகத் தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். என் கால் சும்மா கிடந்தது. அவர் முகம் மாறியது.

"எப்பலருந்து இப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி சொன்னாள். "வியாழக்கிழமைல இருந்துங்க சார். வெரல் மரத்துப்போச்சுன்னாரு. கேம் ஆடிக்கினே இருந்தாரு, அதான்னு நான் சிரிச்சிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் கெட்டிக்காரர், அந்தத் தகவல் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது. குடும்பத்தோடு அருவிக்குப் போன இடத்தில் மூன்று பேரும் ஒரே கோழியைத்தான் சாப்பிட்டோம், எனக்கு மட்டும் மூன்று நாள் போனது. அந்தக் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் நிற்காமல் சொந்த நரம்பையே அடிக்கிறது, அதுதான் இந்த நோய் என்றார். நரம்பு ஒயர் என்றால், அதன் மேலே இருக்கிற உறை உரிந்துபோகிறது. உறை உரிந்த ஒயரில் சிக்னல் ஒழுங்காகப் போகாது. எனக்கு இதை யாரும் இரண்டாவது முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. கால் விரலில் தொடங்கி மேலே ஏறும், மூச்சுத் தசை வரை ஏறினால் ஆபத்து, இங்கே வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அன்றே ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, சிக்னல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்தார்கள். இவை எதற்கும் பயப்பட வேண்டாம் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். என்னைப் பயமுறுத்தியது கருவியே இல்லாத ஒரு சோதனை. நர்ஸ் வந்து, "ஒரே மூச்சுல எவ்ளோ எண்ண முடியுமோ எண்ணுங்க" என்பார். முதல் நாள் இருபத்தாறு வரை எண்ணினேன். மறுநாள் காலை பதினெட்டு. சாயங்காலம் பதினொன்று. சுமதி பக்கத்தில் நின்று உதட்டை அசைத்து என்னோடு சேர்ந்து எண்ணினாள். பன்னிரண்டைச் சொல்ல அவள் உதடு திறந்தது, எனக்கு மூச்சு இல்லை.

வென்டிலேட்டர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது சுமதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்னும் முன்னாடியே இட்டுக்கினு வந்திருந்தா இது வேணாமாங்க சார்?"

"முன்னாடி வந்தா எப்பவுமே நல்லதுதாம்மா. சில பேருக்கு இது இல்லாமலே போயிருக்கு. உறுதியா யாரும் சொல்ல முடியாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு மயக்க மருந்து ஏறியது.

ஒன்பது நாள் குழாயோடு இருந்தேன். எத்தனையோ பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். உடம்பின் தாக்குதலை அடக்குவது அதன் வேலை. விலை கேட்டால் நோய் மறந்துவிடும். காப்பீட்டு அட்டை இருந்ததால் தப்பித்தோம். ரத்தம் கொடுத்த அந்த முகம் தெரியாதவர்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஐ.சி.யு.வில் பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஐந்து. மீதி நேரம் முழுக்க சுமதி வெளியே வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தாள். மகளை என் அக்கா களமருதூருக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து தினமும் ஆள் வைத்துக் கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினாள். அந்த நன்றியை மறக்க முடியாது, அதனாலேயே அக்கா என்ன பேசினாலும் எங்களால் பதில் பேச முடியவில்லை.

பேச முடியாதவர்களுக்காக வார்டில் ஒரு அட்டை இருந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். சுமதி யாழினியின் நோட்டில் தானே தமிழில் ஒன்று எழுதிக்கொண்டு வந்தாள். தண்ணி, வலி, திரும்பிப் படுக்கணும், சளி எடுக்கணும், குளிருது, பாப்பா, பயமா இருக்கு. ஒவ்வொன்றாக விரல் வைப்பாள், எனக்கு வேண்டியது வந்ததும் நான் கண்ணை மூட வேண்டும். ஒருநாள் அவளாகவே கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். "என் மேல கோவமா?" அதில் விரலை வைத்துவிட்டு என் கண்ணையே பார்த்தாள். நான் கண்ணை மூடாமல் வைத்திருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. கோபமில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். அதற்குமேல் என்ன இருந்தது என்று சொல்ல அந்த நோட்டில் வரி இல்லை. குழாயை எடுத்த பிறகு எல்லா வரியும் என்னிடம் இருந்தது, அப்போதும் சொல்லவில்லை.

சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் அது வழக்கமாகிப்போனது. பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், போனில் விசாரித்தவர்கள் என்று யார் கேட்டாலும் சுமதி அதே கதையைச் சொல்வாள். "வெரல் மரத்துப்போச்சுன்னு அன்னிக்கே சொன்னாருங்க. நான்தான் கேமால வந்ததுன்னு சிரிச்சிட்டேன். அன்னிக்கே இட்டுக்கினு வந்திருந்தா இவ்ளோ தூரம் ஆயிருக்காது." கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் கண்ணை மூடித் தூங்குவது போல இருப்பேன்.

கால் சீக்கிரம் திரும்பியது. கை திரும்பவில்லை. எனக்குக் கைதான் வேண்டும். கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவை விரல் நுனியில் உணர்ந்து எடுப்பவனுக்கு, விரல் இல்லாமல் கால் மட்டும் வந்து என்ன ஆகும். பிசியோ மேடம் தினமும் களிமண் உருண்டையைப் பிசையச் சொல்வார், துணி கிளிப்பை அமுக்கச் சொல்வார். "வீட்டுல பட்டன் இருக்கிற பழைய சாமான் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. பிடிச்ச விஷயமா இருந்தா இன்னும் நல்லது" என்று அவர் சொன்னதும் சுமதி ஊருக்குப் போய், அரிசி டிரம்மிலிருந்து கேமை எடுத்துக்கொண்டு வந்தாள். திரையின் ஓரத்தில் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

என் கட்டைவிரல் பட்டன் மேல் உட்கார்ந்தது, அமுக்கவில்லை. தினமும் பத்து நிமிடம் முயற்சி செய்வேன், பிறகு களைத்துப்போய் அவளிடம் கொடுப்பேன். ஒருநாள் அவள், "இத்த எப்படி ஆடுறது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். இடது பக்கம் தோண்டு, நில்லு, கல் விழட்டும், இப்போது தாண்டு. முதல் தளத்திலேயே பதினைந்து தடவை செத்தாள். ஒரு வாரத்தில் பத்தாவது தளத்தில் இருந்தாள். என்னைவிட நிதானமாக ஆடினாள். அவசரப்படாமல் கல் விழும் வரை காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நாங்கள் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அந்த மத்தியான வேளைகளைத்தான் சொல்வேன். எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர்கூட, "இன்னிக்கு எத்தினியாவது மாடி?" என்று விசாரிப்பார்.

வீட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. சட்டை பட்டனைப் போடுகிறேன். டம்ளர் நழுவுவதில்லை. போனில் தட்டுகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் என் விரலுக்கிடையில் இருப்பது ஸ்க்ரூவா, வெறும் காற்றா என்று எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம், வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். பற்றவைக்கிற மேஜையை மூலையில் தள்ளிவிட்டோம். கடையில் இப்போது கவர், சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது மட்டும்தான். அதையும் சுமதிதான் ஒட்டுகிறாள். மலையிலிருந்து வரும் போன்களை வாங்குவதில்லை. சடையன் ஒருமுறை கடைக்கு வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கு நேரா போனீங்கதானே?" என்று கேட்டார். சுமதி பக்கத்துக் கடைக்கு டீ வாங்கப் போயிருந்தாள். "போனேன்" என்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுமதி நாற்பதாவது தளத்தை முடித்தாள். சாப்பிட்ட தட்டுகூட எடுக்கவில்லை. திரையில் அந்தக் குட்டி ஆள் சுரங்கத்தின் மறுபக்கமாக வெளியே வந்தான். வெயில் அடித்தது. விளக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். எங்களுக்குத் தெரியாத பாஷையில் நான்கு வரி எழுத்து வந்தது. பிறகு திரை முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

சுமதி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இதுக்கா அந்த மூணு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவாம கெடந்தீங்க? நானும் லூசு மாதிரி சிரிச்சிக்கினு இருந்தேன்" என்றாள். சிரிப்பு முடியும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"மூணு நாள் இல்ல, சுமதி."

"பின்ன?"

"எட்டு நாள்."

சனிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர், மீட்டர், கடிக்காத செருப்பு, கரியாலூரில் கழன்ற செருப்பு, சடையன் பிடுங்கிய முள், அவர் சொன்ன புத்தி, பஸ்ஸில் பையைத் திறந்தது. கேமை நீ பிடுங்கிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவள் கேமை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எல்லார்கிட்டயும் என்னாலதான்னு சொல்லிக்கினு இருந்தேன். எங்கம்மாகிட்ட, உங்கக்காகிட்ட, வார்டுல பேர் தெரியாதவங்ககிட்ட. நீங்க பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தீங்க. கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

"ஆமா. கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை, சண்டை போடவில்லை. சாயங்காலம் வழக்கம் போல எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "கைய ஒழுங்கா வெச்சிக்குங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து அக்கா களமருதூரிலிருந்து வந்தாள். புது நெல்லில் அடித்த அரிசி ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "எங்கூட்டுல ஒரு காய்ச்சல்னாலே ஆட்டோ வெச்சி ஓடுவோம். இவ கேமை அரிசியில பொதைச்சி வெச்சி வைத்தியம் பாத்தா. என் தம்பி கை போச்சு."

இந்த இடத்தில் சுமதி "ஆமாங்கண்ணி, என் தப்புதான்" என்பாள். எட்டு மாதமாக அப்படித்தான். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. நான் பேசுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள்.

என் மூச்சு அன்று நன்றாக இருந்தது. நாற்பது வரைகூட எண்ணியிருப்பேன். நான் அக்காவிடம், "பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

சுமதி உள்ளே போய்விட்டாள். அக்கா சாப்பிட்டுவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சுமதிதான் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள். வழியில் அவளும் உண்மையைச் சொல்லவில்லை என்று அக்காவின் அடுத்த போனிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இதை நான்கு நாளாக எழுதுகிறேன். பிசியோ மேடம் கேட்டதற்காகத் தொடங்கியதுதான், ஆனால் முதலில் அவருக்கு அனுப்பப் போவதில்லை. சுமதி இப்போது கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், அவள் பார்க்கும்போதே, அக்காவுக்கு அனுப்புவேன். அக்கா படித்ததும் போன் செய்வாள். அந்தப் போனை நான்தான் எடுக்க வேண்டும்.